பாடசாலைப் பணமும் ஊராரின் பொறுப்பும்

கூட்டுறவுச் சங்கத்தில் பங்குப் பணம் செலுத்திய அங்கத்தினர் எவரும், சங்கத்தின் வரவு செலவைப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கக் கேட்பது தமது உரிமை என்று அறிவார். தம் குழந்தை வாசிக்கும் ஸர்க்கார் பாடசாலையின் கணக்கைப் பற்றியும் பெற்றோருக்கு அத்தகைய பொறுப்பு உண்டென்பதைப் பலர் அறியார். 2010-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி அமுலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21, 22-வது பிரிவுகள் இதனை விதிக்கின்றன.

பாடசாலை மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர் அல்லது போஷகராயிருத்தல் வேண்டும். பாதிப் பேர் ஸ்திரீகள். பாடசாலை நடைபெறுவதைக் கவனிப்பதும், அபிவிருத்தித் திட்டம் தயாரிப்பதும், எவ்வழியில் வந்த மான்யமாயினும் அது செலவாகும் விதத்தைக் கண்காணிப்பதும் குழுவின் வேலை. அத்திட்டமே ஸர்க்கார் மான்யத்துக்கு ஆதாரம் என்கிறது சட்டம். அதாவது திட்டம் முந்தி, பணம் பிந்தி. பணம் வந்த பிறகு மார்ச்சு மாதக் கடைசியில் எதை வாங்கலாம் என்று யோசிப்பது சட்டத்தைத் தலைகீழாக்குவதாகும். தண்ணீர் வராத கழிப்பிடம் அப்படியேயிருக்க, சுவருக்குச் சாயம் பூசப்படுவது இதனாலேயே.

பணமோ அதிகமில்லை. 2018-ல் ஏற்பட்ட ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், 100-க்கு மேல் 250 வரை பிள்ளைகளுள்ள பாடசாலைக்கு வருஷ மான்யம் ரூ.50,000. பத்திலொரு பங்கு சுகாதாரத்துக்கென்று ஒதுக்க வேண்டும். 120 பிள்ளைகள் இருப்பின் தலைக்கு ரூ.417 கூட ஆகாது. மின்சாரக் கட்டணம், குடிதண்ணீர், பழுதுபார்த்தல், உபகரணம் யாவும் இதற்குள் அடங்க வேண்டும். ஆகவே முதலில் எது, பிறகு எது என்று ஊரார் தீர்மானிப்பது அவசியம்.

நம் கடற்கரையிலுள்ள மிஷன் பாடசாலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. சிறுபான்மையோர் நடத்தும் பாடசாலைகளிலும் மற்ற உதவி பெறும் பாடசாலைகளிலும் குழு ஆலோசனை மட்டுமே கூறலாம் என்று 2012-ல் திருத்தம் செய்யப்பட்டது. அங்கே குழுவிடம் அதிகாரத்தை எதிர்பார்ப்பது வீண்.

ஊர் பொறுப்பேற்பது இப்பக்கத்துக்குப் புதிதன்று. 1956-ல் காமராஜர் எட்டயபுரத்தில் தொடங்கிவைத்த மதிய உணவு, முதலில் ஊரார் கொடுத்த தானியத்தையும் பணத்தையும் கொண்டே நடந்தது. ஸர்க்கார் செலவில் பங்கேற்ற பின்னும் ஊரார் பங்கு நீடித்தது. கொடுத்தவர் கணக்குக் கேட்பது இயல்பு. இப்போது கொடுப்பது ஸர்க்காரானபடியால் கேட்கும் வழக்கம் தளர்ந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

கேட்க வேண்டிய காலமும் இதுவே. 2024-25-ல் மேற்படி திட்டத்துக்கு மத்திய ஸர்க்காரிடமிருந்து வரவேண்டிய சுமார் ரூ.2,152 கோடி தமிழ்நாட்டுக்கு விடுவிக்கப்படவில்லை. மேலிடத்து வழக்கை வேம்பார் தீர்க்க முடியாது. ஆனால் திட்டமும் நோட்டும் கைவசமுள்ள குழு, எந்த வேலை எவ்வளவு தொகைக்கு நின்றுபோயிற்று என்று கிராம சபையில் எழுத்து மூலம் காட்ட முடியும். இல்லாத குழு குறைகூற மட்டுமே முடியும்.

2010-ம் வருஷத்து மத்திய விதிகளின்படி திட்டம் மூன்று வருஷங்களுக்கானது. ஒவ்வொரு வருஷத்துக்கும் உள்திட்டம் வேண்டும். வகுப்புவாரியாகப் பிள்ளைகள் எத்தனை பேர், இன்னும் எத்தனை ஆசிரியர் தேவை, கட்டடத் தேவை என்ன, தொகை எவ்வளவு என்பவை அதில் காணப்பட வேண்டும். ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளைத் தெருத் தெருவாக எண்ணாமல் இதனை எழுத இயலாது. வலை வேலைக்கோ பனங்காட்டுக்கோ போய் நின்றுவிட்ட பிள்ளை ஆஜர்ப் பட்டியலில் தெரியமாட்டான். குழுவின் பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். வருஷந்தோறும் தணிக்கைக்குக் காட்டவும் வேண்டும்.

வருஷம் மார்ச்சில் முடிவதற்கு மூன்று மாதம் முன்னதாக, அதாவது டிசம்பருக்குள், திட்டம் தயாராக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழையால் பதநீர் இறக்குவதில்லை, கடலும் கொந்தளிப்பாயிருக்கும். எண்ணும் வேலைக்கு அதுவே ஏற்ற காலம். மற்றப் பருவத்தில், காலையும் மாலையும் பனையேறுவோருக்கும், முற்பகலில் பதநீர் காய்ச்சும் ஸ்திரீகளுக்கும், படகு கரைசேரக் காத்திருப்போருக்கும் ஒத்த நேரத்தைக் கேட்டறிந்தே கூட்ட நோட்டீஸ் அனுப்புதல் நலம். ரொக்கப் புத்தகம் எழுதிப் பழகிய சங்கக் காரியதரிசிகள், குழுத் தலைவி விரும்பினால், ஒரு நாள் மாலை அவருடன் அமர்ந்து முதல் பக்கத்தை எழுதிக் காட்டலாம்.