மிளகு ரசமும் வலிப்பு மாத்திரையும்

வேப்பம்பட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என் மகன் வலிப்புக்காகத் தினமும் ராத்திரி எப்டாயின் 300 போடுகிறான். மிளகு சேர்த்தால் இந்த மாத்திரை விஷமாகிவிடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். ரசம் வைப்பதையே நிறுத்திவிட்டேன். இன்னொரு வீடியோவில், மிளகு சேர்த்தால் பாதி மாத்திரையே போதும் என்கிறார்கள். எதை நம்புவது?"

இரண்டையும் நம்ப வேண்டாம். ஆனால் இரண்டுக்கும் அடியில் ஓர் உண்மை கிடக்கிறது. வீடியோக்கள் சொல்வதைவிட அது சுவாரஸ்யமானது.

எப்டாயினில் இருக்கும் மருந்து ஃபெனிடாயின். 1908-ல் ஜெர்மனியில் தயாரிக்கப்பட்டு, உபயோகம் தெரியாமல் 30 வருஷம் கிடந்து, 1938-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் மெரிட், புட்னம் என்ற இரு மருத்துவர்களால் வலிப்புக்கு மருந்தானது. வரலாறு இவ்வளவு போதும். சங்கதி கல்லீரலில் இருக்கிறது.

பெரும்பாலான மருந்துகளில், அளவை இரட்டித்தால் ரத்தத்திலும் இரட்டிக்கும். ஃபெனிடாயின் அப்படியல்ல. அதைச் சிதைக்கும் முக்கிய நொதி சிஒய்பி2சி9. நோயைக் கட்டுப்படுத்தும் அளவு மருந்து ரத்தத்தில் சேரும்போதே அந்த நொதி திணற ஆரம்பித்துவிடும்.

சாயங்கால நேரத்து ஆவடி ஸ்டேஷனை நினைத்துக்கொள்ளுங்கள். லோக்கல் வந்து நிற்கிறது. கூட்டம் இறங்கி, நடைமேம்பாலப் படிக்கட்டில் ஏறி வெளியே போகிறது. அடுத்த வண்டிக்குள் பிளாட்பாரம் காலியாகிவிட்டால் தொல்லையில்லை. ஒவ்வொரு வண்டியிலும் படிக்கட்டு தாங்குவதைவிட இருபது பேர் கூடுதலாக வந்தால்? முதல் வண்டிக்கு இருபது பேர் மிச்சம், அடுத்ததற்கு நாற்பது, பத்தாவது வண்டிக்கு இருநூறு பேர் நெரிகிறார்கள். வண்டி தினசரி மாத்திரை, பிளாட்பாரம் ரத்தம், படிக்கட்டு அந்த நொதி. ஒருநாள் மட்டும் நிறைய மது குடித்தால், சம்பந்தமில்லாத ஆட்கள் படிக்கட்டை அடைத்து உட்கார்ந்த மாதிரி. தினமும் குடிப்பவரின் கல்லீரலோ புதுப் படிக்கட்டே கட்டிவிடும். மருந்து சீக்கிரம் வெளியேறி வலிப்பு திரும்பும். சிலருக்குப் பிறவியிலேயே படிக்கட்டு குறுகல். அதற்குக் காரணமான மரபணு மாற்றங்கள் தமிழர்களிடமும் இருப்பதைப் புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

மிளகு செய்வது, வண்டியில் இன்னொரு கதவைத் திறந்துவிடும் வேலை. அதிலுள்ள பைப்பரின், குடலிலிருந்து மருந்து ரத்தத்துக்குள் போவதைக் கூட்டுகிறது.

ரத்தத்தில் ஃபெனிடாயின் ஒரு மில்லி லிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருந்தால் பொதுவாகச் சரி. இருபதைத் தாண்டினால், பக்கவாட்டில் பார்க்கும்போது கருவிழி துடிதுடிக்கும். முப்பதில் நடை தள்ளாடும். நாற்பதில் தூக்கக் கலக்கமும் குழப்பமும். 1968-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் பல நோயாளிகள் இப்படித் தள்ளாடினார்கள். கேப்சூலில் மருந்தின் அளவு மாறவில்லை. உடன் சேர்க்கும் மாவை மட்டும் கால்சியம் சல்ஃபேட்டிலிருந்து லாக்டோஸுக்கு மாற்றியிருந்தார்கள். உறிஞ்சப்படும் அளவு கூடியது, அவ்வளவுதான்.

மிளகுக்கு வருவோம். 2001-ல் வெளியான தில்லி எய்ம்ஸ் ஆய்வில் மிளகு போட்ட சூப்போடு ஃபெனிடாயின் கொடுத்துப் பார்த்தார்கள். 2006-ல் சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவர்கள், ஏற்கெனவே ஃபெனிடாயின் சாப்பிட்டுவந்த நோயாளிகளுக்கு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தார்கள். இரண்டிலும் ரத்த அளவு உயர்ந்தது. ஆனால் இரண்டுமே சிறிய ஆய்வுகள். சண்டிகரில் கொடுத்தது ஒரே ஒரு வேளை. இதை வைத்து மாத்திரையைப் பாதியாக்கச் சொல்வது ஆபத்தான பேச்சு.

அம்மா, உங்கள் மகனுக்கு 300 என்று டாக்டர் முடிவு செய்தபோதும் அவன் வீட்டு ரசம் சாப்பிட்டுக்கொண்டிருந்த பையன்தான். அந்த மிளகு கணக்கில் சேர்ந்தேதான் இருக்கிறது. வழக்கம்போல ரசம் வையுங்கள்.

நான் பயப்படுவது ரசத்துக்கு அல்ல, மஞ்சள் கேப்சூலுக்கு. மஞ்சளின் குர்குமின் உடம்பில் எளிதில் சேராது. 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தால் பல மடங்கு சேரும் என்று பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வு 1998-ல் காட்டியது. அதைச் சொல்லித்தான் பைப்பரின் கலந்த கேப்சூல்கள் விற்பனையாகின்றன. சண்டிகரில் வலிப்பு நோயாளிகளுக்குக் கொடுத்ததும் அதே 20 மில்லிகிராம்! 'இயற்கையானது' என்று அட்டையில் போட்டிருப்பதால், இதை டாக்டரிடம் சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

கார்பமாசிபைன், அதாவது டெக்ரிடால் போடுபவர்களுக்கு எச்சரிக்கை வேறு. கிரேப்ஃப்ரூட் சாறு அந்த மருந்தின் அளவை ஏற்றும். பம்பளிமாஸ் அதே குடும்பம், தவிர்ப்பது நல்லது. ஃபெனிடாயினை அந்தச் சாறு ஒன்றும் செய்வதில்லை. ஃபெனிடாயின் போடுபவர்கள் கவனிக்க வேண்டியது வேறு இரண்டு: நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட்டுக்கும் மாத்திரைக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மூக்குக் குழாய் வழியே கஞ்சியோடு மருந்தும் கொடுத்தால் அது வெகுவாகக் குறைந்துதான் உள்ளே சேரும்; எவ்வளவு நேரம் இடைவெளி விடுவதென்று நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகனுக்குப் புதிதாக எந்தக் கேப்சூலோ சூரணமோ தொடங்குவதாக இருந்தாலும், டப்பாவோடு நரம்பியல் மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள். நடை தள்ளாடினால் ஃபெனிடாயின் ரத்த அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். டாக்டர் சொல்லாமல் மாத்திரையை மட்டும் குறைக்கவோ நிறுத்தவோ செய்யாதீர்கள்.