அறிந்தோர் கையும் பயில்வோர் கையும்

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி மாதத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமையன்று, அமெரிக்காவிலும் வேறு பல தேசங்களிலும் உள்ள உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், விடுமுறை என்பதையும் பொருட்படுத்தாமல் ஒரு கூடத்தில் குழுமி, அவ்வாண்டுக்குரிய ரோபோப் போட்டியின் விதிகள் அறிவிக்கப்படுவதைத் திரையில் கவனிக்கிறார்கள். அதுவரை விளையாட்டு இன்னதென்று அணியில் ஒருவருக்கும் தெரியாது. யந்திரம் பந்தை எறிய வேண்டுமா, பெட்டியை அடுக்க வேண்டுமா, கம்பியைப் பற்றிக்கொண்டு தொங்க வேண்டுமா என்பதெல்லாம் அந்த நேரத்தில்தான் வெளியாகும். 'ஃபர்ஸ்ட்' என்னும் ஸ்தாபனம் நடத்தும் இந்தப் போட்டியில் இன்று 3,000-க்கு மேற்பட்ட அணிகள் சேர்ந்திருக்கின்றன. சில வாரங்களுக்குள், பாட்டரியையும் காப்புப் பட்டையையும் சேர்த்தால் ஒரு வாலிபனின் எடைக்கு நிகராக நிற்கும் யந்திரமொன்றை அவர்கள் சிருஷ்டித்தாக வேண்டும். இம்மாணவர்களின் திறமையை வியந்து எழுதியோர் பலர். நான் எழுத விரும்புவதோ, அவர்களுக்குப் பின்வரிசையில், சம்பளமும் பட்டமும் எதிர்பாராமல் நின்றுகொண்டிருக்கும் பெரியவர்களைப் பற்றி.

இந்த ஸ்தாபனத்தை 1989-ல் நிறுவியவர் டீன் கேமன். நோயாளிகள் உடலோடு அணிந்துகொள்ளத்தக்க மருந்தேற்றும் பம்பைக் கண்டுபிடித்தவர். விளையாட்டு வீரர்களையும் சினிமா நட்சத்திரங்களையும் பெயர் பெயராக அறிந்துவைத்திருக்கும் அமெரிக்கச் சிறுவர்கள், தம் ஊரிலேயே பணிபுரியும் ஒரு பொறியாளரைக்கூட அறியாமல் வளர்கிறார்களே என்ற விசாரமே அவரை இம்முயற்சியில் இறக்கிற்று. ஆகையால் ரோபோ செய்யக் கற்பிப்பது அவருக்கு இரண்டாம்பட்சமான நோக்கமே. தொழிலறிந்த மனிதரையும் பள்ளி மாணவரையும் ஒரே மேஜையின் இரு பக்கத்தில் பல வாரங்கள் சேர்ந்து நிற்கச் செய்வதே முதல் நோக்கம். அவருக்குத் துணையாக வாய்த்தவர் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் வுடி ஃபிளவர்ஸ். எல்லா மாணவருக்கும் ஒரேவிதமான உதிரிப் பொருள்களைக் கொடுத்து, அவற்றைக்கொண்டு அவரவர் யுக்திக்கேற்ற யந்திரங்களைச் செய்யச் சொல்லி, இறுதியில் அவற்றைப் பலர் முன்னிலையில் மோதவிடும் வகுப்பொன்றை அங்கே அவர் புகழ்பெறச் செய்திருந்தார். கேமனின் கனவும் ஃபிளவர்ஸின் வகுப்பும் இணைந்ததன் பயனாக, 1992-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்து மான்செஸ்டர் நகரில், ஓர் உயர்நிலைப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் முதற் போட்டி நடந்தது. வந்த அணிகள் 28. தரையில் உலர்ந்த மக்காச்சோளத்தைப் பரப்பி, அதன்மேல் ஓடித் திரிந்து டென்னிஸ் பந்துகளைப் பொறுக்கும் யந்திரங்களைச் செய்யும்படி அவர்களைப் பணித்திருந்தார்கள்.

அன்றிலிருந்து இன்றுவரை இப்போட்டியைத் தாங்கி நிற்பது, பகலெல்லாம் தம் அலுவலகத்திலோ ஆலையிலோ உழைத்துவிட்டு, மாலையில் வீட்டுக்குப் போகாமல் பள்ளிக்கு வந்து சேரும் மனிதர்களின் சிரத்தையே. கடைசல் யந்திரத்தின் முன் நிற்கும் மாணவியின் தலைமயிர் இறுகக் கட்டப்பட்டிருக்கிறதா, கண்ணில் பாதுகாப்புக் கண்ணாடி இருக்கிறதா என்று பார்த்த பின்பே சுவிட்சைத் தொட அனுமதிப்பவர் ஒருவர். அலுமினியத் தகட்டை அறுத்தபின் அதன் விளிம்பிலுள்ள பிசிறை அரத்தால் ராவிவிட வேண்டும், இல்லையேல் அது விரலையும் அறுக்கும், மின்கம்பியின் உறையையும் அறுக்கும் என்று சலிப்பின்றி ஆண்டுதோறும் சொல்லிக்கொடுப்பவர் ஒருவர். ஜாவா மொழியில் எழுதப்பட்ட கட்டளைத் தொடரில் பிழை எங்கே என்று தமக்குத் தெரிந்திருந்தும் அதைச் சொல்லாமல், 'இந்த வரி ஓடும்போது இந்த எண்ணின் மதிப்பு என்னவாக இருக்கும்?' என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருப்பவர் ஒருவர். தொழில்நுட்பமே அறியாதவர்களும் உண்டு. யந்திரங்கள் மோதும்போது சேதமுறாமலிருக்க, நீச்சல்குளத்தில் குழந்தைகள் பிடித்துக்கொண்டு மிதக்கும் நுரைக்குழாய்களை ஒட்டுப்பலகையில் பொருத்தி, அதன்மேல் சிவப்பிலும் நீலத்திலும் துணியுறை தைக்க வேண்டும். அந்தத் தையலை மாணவர்க்குக் கற்பிக்கும் தாய்மார் உண்டு. நன்கொடை கேட்டுக் கடிதம் எழுதும் முறையையும் வரவு செலவுக் கணக்கை வைக்கும் முறையையும் கற்பிக்கும் கணக்காளர் உண்டு. சிறார்களோடு பழகும் பணியாதலால், இவர்களின் பின்னணி விசாரிக்கப்படுவதும், ஒரு பெரியவர் மட்டும் தனித்திருந்து மாணவர்களை மேற்பார்ப்பது கூடாதென்பதும் அங்கே நியதி. அது முற்றிலும் நியாயமானதே.

இப்பெரியவர்களைச் சுற்றி நெடுங்காலமாக ஒரு விவாதம் நடந்துவருகிறது. யந்திரத்தை மாணவரே முழுக்கச் செய்ய வேண்டும், வழிகாட்டி ஒரு திருகைக்கூட முடுக்கலாகாது என்பது ஒரு கட்சி. வழிகாட்டியும் சேர்ந்து வரைந்து, சேர்ந்து கடைந்து, சேர்ந்து பூட்ட வேண்டும், அப்போதுதான் மாணவன் உயர்ந்த தரம் இன்னதென்று கண்ணால் காண்பான் என்பது மற்றொரு கட்சி. இதே ஸ்தாபனம் சிறு குழந்தைகளுக்காக நடத்தும் லெகோப் போட்டியில், வேலை முழுதும் குழந்தைகளுடையதாகவே இருத்தல் வேண்டும் என்று தெளிவாக வகுத்திருக்கிறார்கள். உயர்நிலைப் பள்ளிப் போட்டியிலோ வழிகாட்டியின் கைக்கு விலக்கு விதிக்கவில்லை. மெருகேறிய யந்திரத்தோடு ஓர் அணி களத்தில் இறங்கியதும், 'இது பிள்ளைகள் செய்ததா, பொறியாளர்கள் செய்ததா?' என்ற முணுமுணுப்பு எழுவதும், அதைக் கேட்ட அம்மாணவர்கள் மனம் வருந்துவதும் அதனால்தான்.

முதற் கட்சியின் அச்சம் பொய்யன்று. தன் இளமையில் கிட்டாத வாய்ப்பைத் தன் மகனின் அணியில் அனுபவிக்க விரும்பும் தகப்பன், நள்ளிரவில் தானே உட்கார்ந்து யந்திரத்தின் கையைத் திருத்தியமைத்துவிட்டுப் போவதும், மறுநாள் வந்த மாணவர்கள் தம் வேலையைத் தாமே அடையாளம் காணாமல் நிற்பதும் எந்த ஊரிலும் நேரக்கூடியவை. ஆயினும் அதற்குப் பரிகாரம் அறிந்தவரை அறைக்கு வெளியே நிறுத்துவது என்று நான் கருதவில்லை. யாருமில்லாத கூடத்தில் விடப்பட்ட மாணவர்கள் சுதந்திரத்தோடு கற்பார்கள் என்பது கேட்க இனிமையாக இருக்கிறது. உண்மையில் அவர்கள் முதல் தோல்வியிலேயே சோர்ந்து, மூன்றாம் வாரத்தில் கலைந்துபோகக்கூடும். திருகை முடுக்கியது யாருடைய கை என்ற கேள்வியைவிட, 'இதை ஏன் இவ்விதம் செய்தாய்?' என்று வேற்றார் வினவும்போது விடை யாருடைய வாயிலிருந்து வருகிறது என்ற கேள்வியே மேலானது. வழிகாட்டியின் தரத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

இந்த அளவுகோலுக்கு ஓர் உத்தமமான உதாரணம் அரிசோனா மாகாணத்திலே கிடைக்கிறது. ஃபீனிக்ஸ் நகரின் மேற்குப் பகுதியில் உள்ள கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளி, பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. அங்கே கணினி கற்பித்த ஆலன் கேமரனும், கடலியல் கற்பித்த ஃப்ரெடி லாஜ்வர்தியும் பள்ளி நேரத்துக்கு அப்பால் ரோபோ அணியொன்றை வளர்த்துவந்தார்கள். 2004-ல், நீருக்கடியில் இயங்கும் ரோபோக்களுக்கென்று சாண்டா பார்பராவில் நடந்த தேசியப் போட்டிக்கு நான்கு மாணவரை அழைத்துச் சென்றார்கள். கிறிஸ்டியன் அர்செகா, லொரென்சோ சான்டியான், ஆஸ்கார் வாஸ்கெஸ், லூயிஸ் அராண்டா என்பன அவர்கள் பெயர்கள். அப்போட்டியில் பள்ளிகளுக்கென ஓர் எளிய பிரிவும், கல்லூரிகள் கலந்துகொள்ளும் கடினமான பிரிவும் இருந்தன. ஆசிரியர் இருவரும் கடினமான பிரிவையே தேர்ந்தெடுத்தார்கள். மற்றொரு பள்ளியிடம் தோற்பதைவிடப் பெரிய கல்லூரியிடம் தோற்பது பிள்ளைகளுக்கு மானக்குறைவாகாது, அதிகமாகவும் கற்பிக்கும் என்பது அவர்களது யோசனை.

கையில் இருந்த பணம் ஏறக்குறைய 800 டாலர். ஆகையால் வீட்டுக் குழாய்வேலைக்குப் பயன்படும் பி.வி.சி. குழாய்களைக்கொண்டே உடலை அமைத்தார்கள்; குழாய் ஒட்டும் பசையின் வாடை காரணமாக யந்திரத்துக்கு 'நாற்றக்காரன்' என்று பொருள்படும் 'ஸ்டிங்கி' என்ற பெயரும் வந்தது. அவ்வாசிரியர்கள் செய்த ஒரு காரியம் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது. நீருக்கடியில் வெப்பநிலையை எப்படி அளப்பது என்பது போன்ற கேள்விகள் எழுந்தபோது, மாணவர்களே அந்தந்தத் துறையில் கருவிகள் விற்கும் நிபுணர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கும்படி அவர்களைப் பழக்கினார்கள். ஆங்கிலம் பேசத் தயங்கும் ஒரு பதினாறு வயதுப் பையன், முகமறியாத ஒரு பொறியாளரிடம் தன் வினாவைத் தெளிவாக எடுத்துரைத்து, பதிலையும் விளங்கிக்கொண்டு, குறித்துக்கொள்வது என்பது சாமானியமான கல்வியன்று. மறுமுனையில் இருந்த அந்த நிபுணர்களும் பொறுமையோடு பதில் கூறினார்கள். அவர்களும் அந்த அணியின் வழிகாட்டிகளே.

போட்டிக்குச் சென்ற இடத்தில் யந்திரத்தின் மின்னணுப் பெட்டிக்குள் நீர் கசிந்தது. இணைப்புகளை மீண்டும் பற்றவைத்தார்கள்; கசியும் நீரை உறிஞ்ச, மாதவிலக்குக் காலத்தில் பெண்கள் பயன்படுத்தும் பஞ்சுச் சுருள்களைக் கடையில் வாங்கிவந்து பெட்டிக்குள் திணித்தார்கள். வாங்கச் சென்றவன் சான்டியான். கூச்சத்தை விட்டு, கடைக்கு வந்திருந்த ஒரு பெண்மணியிடம் எது நன்றாக உறிஞ்சும் என்று கேட்டறிந்து வந்தான். நடுவர்களின் முன் விளக்கம் கூறும் வேளையில் ஆசிரியர்கள் உதவ வழியில்லை. நீரில் ஒளி செல்லும் வேகம் மாறுவதால் லேசர் கருவி காட்டும் தூரத்தை எவ்வாறு திருத்திக்கொண்டார்கள் என்பதை அம்மாணவர்களே சொன்னார்கள். முடிவு அறிவிக்கப்பட்டபோது முதற் பரிசு கார்ல் ஹேடனுக்கு. மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் அணி இரண்டாவதாக வந்தது. எழுத்தாளர் ஜோஷுவா டேவிஸ் அடுத்த ஆண்டு ஒரு பத்திரிகையில் இவ்வரலாற்றை எழுதினார். 2015-ல் அது திரைப்படமாகவும் வந்தது.

இந்நால்வருட் சிலர் முறையான குடியேற்ற ஆவணங்கள் இல்லாதவர்கள். வெற்றிக்குப் பிறகும் அவர்கள் பாதை எளிதாகவில்லை. 2006-ல் அரிசோனா வாக்காளர்கள் நிறைவேற்றிய சட்டம், அத்தகையோர் வெளிமாகாணத்தார் செலுத்தும் அதிகக் கட்டணத்தைச் செலுத்தியே அரசுக் கல்லூரியில் படிக்கும்படி செய்தது. வாஸ்கெஸ் பட்டம் பெற்றபின் மெக்சிகோவுக்குத் திரும்பி, அனுமதி கோரிக் காத்திருந்து, 2010-ல் சட்டப்படி மீண்டுவந்து அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார். ஓர் ஆசிரியரின் அன்பு தேசத்தின் சட்டத்தை மாற்றிவிடாது. ஆனால் அப்பிள்ளைகளின் தகுதி இன்னதென்று தேசத்துக்கு மறுக்க முடியாதபடி காட்டியது அந்த இரு ஆசிரியரின் உழைப்புத்தான்.

ஃபர்ஸ்ட் போட்டியின் களத்துக்கு மீண்டும் வருவோம். ஆட்டம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டரை நிமிஷமே. மும்மூன்று அணிகள் கூட்டணியாக நின்று ஆடுகின்றன. யந்திரத்தை ஓட்டும் மாணவர்களின் பின்னால் பயிற்சியாளர் ஒருவர் நிற்கலாம். அவர் பெரியவராகவும் இருக்கலாம். ஆனால் கட்டுப்பாட்டுக் கருவியை அவர் தொடக்கூடாது. தாளம் முழுதும் தம் கையில் இருந்தும் அரங்கில் ஓரடியும் எடுத்துவைக்காத நட்டுவனாரைப் போல, களம் முழுவதையும் கண்ணில் வைத்துக்கொண்டு, சொல்லால் மட்டும் அவர் இயங்குகிறார். பொத்தானை ஒரு விநாடி முன்னதாக அழுத்தியிருக்கலாமே என்று தோன்றும்போதெல்லாம் அவர் தம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதைக் கற்றுக்கொண்டாக வேண்டும்.

போட்டி நடக்கும் இடத்தில் மற்றொரு நல்ல வழக்கமும் வேரூன்றியிருக்கிறது. ஓர் அணியின் மோட்டார் பழுதானால், ஒலிபெருக்கியில் அச்செய்தியைக் கேட்டு, அடுத்த ஆட்டத்தில் எதிர்த்து ஆடவேண்டிய அணியே தன் உபரி மோட்டாரை எடுத்துக்கொண்டு ஓடிவருவதுண்டு. போட்டியின் உக்கிரமும் எதிராளியிடம் கண்ணியமும் ஒருங்கே இருக்க வேண்டும் என்பது ஃபிளவர்ஸ் விடாமல் வலியுறுத்திய கொள்கை. அவர் 2019-ல் காலமானார். கொள்கை உயிரோடு இருக்கிறது.

இவ்வளவு நன்மைக்கும் நடுவே ஒரு குறையை மறைக்கலாகாது. வழிகாட்டிகள் எங்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. விண்வெளி ஆராய்ச்சி நிலையமும் மோட்டார் ஆலையும் மென்பொருள் நிறுவனங்களும் சூழ்ந்த ஊரில், ஓர் அணிக்குப் பத்துப் பன்னிரண்டு பொறியாளர்கள் வந்து நிற்கிறார்கள். நெடுந்தூரத்தில் உள்ள வேளாண் சிற்றூர்ப் பள்ளியிலோ, நகரத்தின் வறிய பகுதிப் பள்ளியிலோ, தாம் ஒருபோதும் மோட்டாரைக் கையாண்டறியாத ஓர் ஆசிரியர் தன்னந்தனியாக எல்லாவற்றையும் சுமக்கிறார். முன்பு ஆறு வாரம் முடிந்ததும் யந்திரத்தைப் பையிலிட்டு முத்திரையிட வேண்டும் என்ற விதி இருந்தது; வசதியுள்ள அணிகள் இரண்டாவது யந்திரம் ஒன்றைச் செய்து பயிற்சியைத் தொடர்ந்தன, வசதியற்றவை கையைப் பிசைந்துகொண்டு நின்றன. 2020-ல் அவ்விதியை நீக்கியது சரியே. ஆனால் அதனால் முடிவு தேதி என்ற ஓய்வும் போயிற்று. தனியாள் ஒருவரே தாங்கும் அணியில் அவர் களைத்து விலகினால் அணியே மறைந்துவிடுகிறது. பணத்தையேனும் நன்கொடையாகத் திரட்டலாம். வாரத்தில் மூன்று மாலைகளைத் தருகிற மனிதரை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

1996 முதல், ஃபிளவர்ஸின் பெயரால் வழிகாட்டிகளுக்கென்றே ஒரு விருது வழங்கப்பட்டுவருகிறது. அதற்கு விண்ணப்பம் எழுதுவது வழிகாட்டியன்று, பள்ளி நிர்வாகமும் அன்று. மாணவர்கள்தாம் தங்கள் வழிகாட்டியைப் பற்றிக் கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும். தகுதியை நிர்ணயிக்கும் உரிமை யாருக்கு உண்டோ அவர்களிடமே அதை ஒப்படைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் பொறியாளராகவும் மென்பொருள் வல்லுநராகவும் வாழும் தமிழர்கள் பலரின் பிள்ளைகள் இத்தகைய அணிகளில் இருக்கிறார்கள். தம் பிள்ளையின் அணிக்கு நேரம் கொடுக்க அவர்கள் தயங்குவதில்லை. அவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுண்டு: உங்கள் பிள்ளையின் அணியில் ஏற்கெனவே பத்துப் பேர் இருப்பார்களானால், அரைமணி நேரம் காரோட்டினால் எட்டக்கூடிய பள்ளியில், ஒருவருமில்லாமல் தவிக்கும் அணி ஒன்று இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால், ஜனவரி வரையில் காத்திராமல் இலையுதிர் காலத்திலேயே அங்கே சென்று, அந்த ஆசிரியரிடம் உங்கள் பெயரைக் கொடுங்கள்.