சேர்த்துவிடுவதா ஆலோசனை?

எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்துவிட்டால் கிள்ளான் பள்ளத்தாக்கில் கல்லூரிச் சேர்க்கை சூடுபிடித்துவிடும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அறையிலும் கிள்ளானில் ஒரு கண்காட்சி மேசையிலும் கல்லூரி ஆலோசகர்களிடம் ஒரே பேச்சுதான்: “கவலைப்படாதீங்கண்ணே, இடம் இருக்கு. இன்னைக்கே பதிஞ்சா கட்டணத்துல கழிவு உண்டு.”

எதிரே அமர்ந்திருப்பவர் லோரி ஓட்டுநராக இருக்கலாம், தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கும் தாயாக இருக்கலாம். இ.பி.எப். எனும் ஊழியர் சேமநிதிச் சேமிப்பை எடுத்தோ, பிள்ளையின் பெயரில் பி.டி.பி.டி.என். கல்விக் கடன் வாங்கியோதான் கட்டணம் கட்டப் போகிறார்கள். அவர்களிடம் முழு உண்மையைச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது அநியாயம்.

அங்கீகாரம் ஆட்டங்கண்டால் என்ன விலை என்று நம் சமூகத்துக்குத் தெரியும். உக்ரேனின் கிரைமியா மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கியிருந்த அங்கீகாரத்தை விலக்கிக்கொள்வதாக 2005-இல் மலேசியா அறிவித்தது. அங்கே படித்த மலேசியர்களில் இந்திய மாணவர்களே அதிகம். பெற்றோர் கொதித்தார்கள். அரசியல் மேடைகளிலும் அது பேசப்பட்டது. ஒரு பட்டத்தின் மதிப்பு கல்லூரி வாசலில் முடிவதில்லை, அதை யார் ஏற்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது என்பதை அன்று பல குடும்பங்கள் உணர்ந்தன.

இரண்டு எழுத்தில் இருக்கும் சேதி

விளம்பரத் தாளின் அடியில், பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். அதில், படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் மலேசியத் தகுதி முகமையைக் குறிக்கும் எம்.கியூ.ஏ. என்பதை அடுத்து ‘பி.ஏ.’ என்றிருந்தால் அந்தப் படிப்புக்குத் தற்காலிக அங்கீகாரம், ‘எப்.ஏ.’ என்றால் முழு அங்கீகாரம். புதிய படிப்புகள் பெரும்பாலும் தற்காலிக அங்கீகாரத்தில்தான் தொடங்கும், அதில் குற்றமில்லை. அதை மறைப்பதுதான் குற்றம். பின்னாளில் அரசாங்க வேலைக்கு மனு செய்யும்போது தடுமாறப் போவது மாணவர்தானே! எம்.கியூ.ஏ.வின் பதிவேடு இணையத்தில் எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. ஆலோசகர் அதைப் பெற்றோர் கண்ணெதிரே திறந்து காட்ட எத்தனை நிமிடம் ஆகும்?

1996-ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்வி நிறுவனச் சட்டம் தவறான வழியில் இழுக்கும் விளம்பரத்தைத் தடை செய்கிறது. ஆனால் மேசையில் வாய்மொழியாகத் தரப்படும் வாக்குறுதிக்குச் சாட்சி ஏது? அதனால் சட்டத்தோடு மனச்சாட்சியும் வேண்டும். பிள்ளை சேர்ந்தால்தான் கமிஷன் என்றிருக்கும்வரை அந்த மனச்சாட்சிக்குச் சோதனைதான். ஆலோசகருக்கு நிலையான சம்பளம் கொடுங்கள், தலைக்கு இவ்வளவு என்ற கணக்கை விடுங்கள் என்று கல்லூரிகளைக் கேட்கிறேன்.

‘முடியாது’ என்பதும் உதவிதான்

பட்டப்படிப்புக்கு முந்தைய அடிப்படைக் கல்விக்குப் (ஃபவுண்டேஷன்) பொதுவாக எஸ்.பி.எம்.மில் ஐந்து கிரெடிட், டிப்ளோமாவுக்கு மூன்று, சான்றிதழ் படிப்புக்கு ஒன்று தேவை. இரண்டே கிரெடிட் வைத்திருக்கும் பிள்ளையிடம், “டிப்ளோமாவுக்கு இப்போ முடியாது, சான்றிதழ் படிப்பை முடிச்சிட்டு அதுக்குப் போகலாம். தொழில்திறன் பயிற்சி வழியும் இருக்கு” என்று சொல்பவரே நல்ல ஆலோசகர். அன்று கல்லூரிக்கு ஒரு சேர்க்கை குறையும். பிள்ளைக்கு ஓராண்டும் சில ஆயிரம் ரிங்கிட்டும் மிஞ்சும்.

பெற்றோரே, கையெழுத்திடும் முன் மூன்றைக் கேளுங்கள்: இந்தப் படிப்பின் அங்கீகாரம் எந்த நிலையில் இருக்கிறது? முடிக்கும்வரை மொத்தச் செலவு எவ்வளவு? இடையில் விலகினால் எவ்வளவு பணம் திரும்பும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.