கொழும்புக்குப் போக எத்தனை தேங்காய்?

2022 ஜூன் மாதத்தில் கண்டியிலும் கட்டுகஸ்தோட்டையிலும் பேராதனையிலும் டீசலுக்காக நின்ற வரிசைகளை நாம் இன்னும் மறக்கவில்லை. லொறிச் சாரதிகள் வண்டிக்குள்ளேயே உறங்கினார்கள். ஏற்றிச் செல்ல வண்டியின்றி மலைநாட்டு மரக்கறி வாடியது. அம்மாதம் 26ஆம் திகதி டீசல் லீற்றர் 460 ரூபாவாக உயர்ந்த பின்னரும் பலர் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள். அந்த வரிசையில் நாம் அடிக்கடி கேட்ட பேச்சு இது: "வெளிநாட்டிலே தாவர எண்ணெயில் கார் ஓடுகிறதாமே! இங்கே வேலியெல்லாம் காட்டாமணக்கு நிற்கிறது. நாமும் ஏன் செய்யக் கூடாது?"

நியாயமான கேள்விதான். 1900ஆம் ஆண்டு பரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் கச்சான் எண்ணெயிலேயே ஓடிக் காட்டியது. அந்த எஞ்சினைக் கண்டுபிடித்த ருடோல்ப் டீசலே பிற்காலத்தில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். 1990களில் பப்புவா நியூகினியின் பூகன்வில் தீவு முற்றுகையிடப்பட்டபோது, அங்குள்ளோர் தேங்காயெண்ணெயை ஊற்றி வாகனம் ஓட்டினார்கள். அதே காலத்தில் யாழ்ப்பாணத்தவர் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியதை நம்மில் பலர் அறிவோம்.

ஆனால் பூகன்வில் வெப்பமான கடலோரம். கண்டியில் தை மாதக் காலையில் தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெய் போத்தலிலேயே உறைந்து கிடக்கும். 24 பாகைக்குக் கீழே அது கட்டியாகிவிடும். உறையாத எண்ணெயும் டீசலைவிடப் பல மடங்கு தடிப்பானது. எஞ்சினுக்குள் அது சரியாகத் தூவாது, கரி படியும். ஆகவே எண்ணெயுடன் மெதனோலையும் சிறிதளவு கோஸ்டிக் சோடாவையும் சேர்த்துச் சூடாக்கிக் கிளிசரினைப் பிரித்தெடுக்கிறார்கள். மிஞ்சுகின்ற மெல்லிய எண்ணெய்தான் உயிரி டீசல். அதில் கந்தகம் இல்லை என்றே சொல்லலாம்; கரும்புகையும் குறைவு. மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் பஸ் புகை தேங்கி நிற்கும் கண்டி நகருக்கு இது சிறிய நன்மையல்ல.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு லீற்றர் தேங்காயெண்ணெய்க்கு ஏழெட்டுத் தேங்காய் வேண்டும். கண்டியிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 115 கிலோமீற்றர். லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடும் வான் ஒன்றுக்கு ஒருவழிப் பயணத்துக்கு 86 தேங்காய்! 2024 இறுதியில் தேங்காய் 200 ரூபாவை எட்டியபோது, அது 17,000 ரூபாவுக்கு மேல். அவ்வேளை அதே பயணத்துக்கான டீசல் 3,500 ரூபாவுக்குள் அடங்கியது. சம்பலுக்குத் தேங்காய் வாங்கவே யோசிக்கும் வீடுகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இவ்விடத்தில் பந்தயக் கார்கள் நமக்கு உதவுகின்றன, சிரிக்க வேண்டாம். ஒப்பெல் கம்பனி 2002இல் காட்டிய டீசல் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று மணிக்கு 250 கிலோமீற்றரைத் தாண்டி ஓடக்கூடியது. ஆயினும் அதன் செலவு நூறு கிலோமீற்றருக்குச் சுமார் இரண்டரை லீற்றர்தான். கொழும்புக்கு 22 தேங்காய். அதே ஆண்டு வொக்ஸ்வாகன் தயாரித்த, ஒருவர் பின் ஒருவராக இருவர் அமரும் 290 கிலோ வண்டி நூறு கிலோமீற்றருக்கு 0.89 லீற்றரில் ஓடியது. அதற்கு எட்டுத் தேங்காய் போதும். எண்ணெய் அதேதான், குறைந்தது வண்டியின் எடையும் காற்றின் தடையும். (சிக்கனம் மட்டும் போதாது என்பதற்கும் அதே கம்பனி உதாரணம்: புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருளை அது தன் டீசல் கார்களில் வைத்திருந்தது 2015இல் அம்பலமானது.) அந்த வண்டிகள் கடுகண்ணாவ ஏற்றத்தில் கோவா மூட்டை ஏற்றமாட்டா. எனினும் டயரில் காற்றுக் குறைந்து, பேராதனை வீதி நெரிசலில் எஞ்சினை நிறுத்தாமல் நிற்கும் நமது வான்கள் வீணாக்கும் டீசலை எந்த விதையும் ஈடுசெய்யாது.

காட்டாமணக்கு என்னவாயிற்று? இந்தியா 2003 முதல் அதில் பெரும் நம்பிக்கை வைத்தது. 2009இல் வெளியிட்ட கொள்கையில் 2017க்குள் 20 வீதக் கலப்பு என்று இலக்கும் வைத்தது, அது கைகூடவில்லை. தமிழ்நாட்டில் அதை நட்ட விவசாயிகள் பலர், நீரும் பசளையும் இன்றி விளையும் என்று சொல்லப்பட்ட செடி அவ்வாறு விளையாததைக் கண்டு கைவிட்டார்கள். தோட்டக் குடும்பமொன்றின் ஏழு பேர்ச் காணியில் அதை நட்டால் என்ன கிடைக்கும்? ஹெக்டேயருக்கு இரண்டு தொன் விதை என்று தாராளமாகவே வைத்தாலும் ஆண்டுக்கு 35 கிலோ. நான்கு கிலோவுக்கு ஒரு லீற்றர் எண்ணெய். மொத்தம் ஒன்பது லீற்றர்கூட இல்லை. கொழும்பு போய்ச் சேரவே காணாது! விதையோ நஞ்சு, பிண்ணாக்கை ஆட்டுக்கும் போட முடியாது. அந்தக் காணியில் போஞ்சியும் கீரையும் நிற்கட்டும் என்போம். வேலியில் நிற்கும் காட்டாமணக்கு வேலியாகவே இருக்கட்டும்.

நமக்கு நம்பிக்கை தருவது வேறொன்று. கண்டி நகரின் சாப்பாட்டுக் கடைகளில் ரோல்ஸும் வடையும் பொரித்துக் கறுத்த எண்ணெய் மீண்டும் மீண்டும் சட்டியில் ஏறுகிறது, அல்லது கானில் ஊற்றப்படுகிறது. அதைச் சேகரித்து, வடித்து, நீர் வற்றக் காய்ச்சினால் உயிரி டீசலுக்கு உதவும். நிலமும் வேண்டாம், யாருடைய உணவும் குறையாது. ஆனால் மெதனோல் இறக்குமதிப் பொருள். டொலர் இல்லாத நாளில் டீசலைப் போல அதுவும் வராது. அது கண்ணைப் பறிக்கும் நஞ்சும்கூட. அதன் சுவாலை பகலில் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே வீட்டு அடுப்படியில் எவரும் முயலக் கூடாது. பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில், காற்றோட்டமுள்ள தனிக் கொட்டிலில் செய்ய வேண்டிய வேலை இது.

தொடங்குவோர் 95 லீற்றர் டீசலுக்கு 5 லீற்றர் என்று கலப்பது நல்லது. தாங்கியில் ஆண்டுக்கணக்காகப் படிந்த அழுக்கை உயிரி டீசல் கரைத்துக் கொண்டுவரும். கலப்பைக் கூட்டுவோர் கையில் புது பில்டர் ஒன்றை வைத்திருக்கவும்.