விவசாய ஆராய்ச்சி யார் வசம்? மரவள்ளிக் குடியானவர்கள் அறிய வேண்டிய விவரம்

மரவள்ளியின் குருத்துக்கள் சுருண்டு, இலைகள் கொத்தாகக் குறுகி, அடியில் வெண்மாவு படிந்தாற்போல் பூச்சி பற்றும் தருணத்தில், சேலம், நாமக்கல் ஜில்லாக் குடியானவர்கள் முதலில் நாடுவது விவசாய இலாகா உத்தியோகஸ்தரையே. அவர் பயிரைப் பார்வையிட்டு, ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறார். ஏத்தாப்பூரார் கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்கும் எழுதுகின்றனர். "எல்லாம் சர்க்கார் காரியந்தானே, இத்தனை வாசல்கள் எதற்கு?" என்று கேட்காத மிராசுதாரர் இல்லை. கேள்வி நியாயமானதே. இவ்வாசல்கள் உண்டான விதத்தை அறிந்துகொண்டால், எந்த வாசலில் எதைக் கேட்பது என்பது விளங்கும்.

1868-ல் சென்னையை அடுத்த சைதாப்பேட்டையில் ஏற்பட்ட விவசாயப் பள்ளிக்கூடம், 1906-ல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டு, நாளடைவில் கலாசாலையும் ஆராய்ச்சி நிலையமுமாக வளர்ந்தது. அக்காலத்தில் ஆராய்ச்சி, போதனை, செயல் விளக்கம் ஆகிய மூன்றும் விவசாய இலாகா ஒன்றன் கீழேயே நடந்தன. இதனால் ஓர் அநுகூலம் உண்டு: டைரக்டரின் உத்தரவு ஒன்றே சோதனைப் பண்ணையையும் கிராமத்தையும் எட்டியது. பிரதிகூலமும் உண்டு. புதிய ரகம் ஒன்றைத் தெரிந்தெடுக்கப் பல வருஷங்கள் வேண்டும். இலாகா உத்தியோகமோ மாற்றலுக்கு உட்பட்டது. தொடங்கியவர் ஒருவர், முடிப்பவர் வேறொருவர் என்ற நிலையில் சோதனை சீராக நடப்பது அரிது.

மத்திய சர்க்காரிலும் இதே சிக்கல் இருந்தது. லின்லித்கோ பிரபுவின் தலைமையில் அமைந்த ராயல் கமிஷனின் சிபார்சின்படி 1929-ல் ஏற்பட்ட இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம், பெரும்பாலும் பணம் வழங்கும் ஸ்தாபனமாகவே நெடுநாள் இருந்தது. 1965-ல்தான் முதன்முறையாக ஒரு விஞ்ஞானி, கோதுமை ஆராய்ச்சியில் புகழ்பெற்ற பி. பி. பால், அதன் டைரக்டர் ஜெனரலானார். அதையடுத்து மத்திய ஆராய்ச்சி நிலையங்கள் கழகத்தின் நேர் நிர்வாகத்துக்குள் வந்தன. இங்கே 1971 ஜூன் 1-ந் தேதி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஏற்பட்டு, ஆராய்ச்சியும் கல்வியும் இலாகாவினின்று பிரிந்தன. விரிவாக்கமும் விநியோகமும் இலாகாவிடமே நின்றன.

பிரிவினை அத்துடன் நிற்கவில்லை. 1985-ல் நாமக்கல்லில் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, 1989-ல் கால்நடைப் பல்கலைக்கழகம் தனியே ஏற்பட்டபோது அதனுடன் சேர்ந்தது. ஆகையால் சேலம் ஜில்லாவின் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையம் ஒரு பல்கலைக்கழகத்தையும், நாமக்கல் நிலையம் மற்றொன்றையும் சார்ந்தவை. ராசிபுரத்துக் குடியானவரும் ஆத்தூர்க் குடியானவரும் ஒரே மரவள்ளியைப் பயிரிட்டாலும் வெவ்வேறு வாசலில் நிற்பதன் காரணம் இதுவே.

நிற்க. இந்த ஏற்பாடு பயிரைக் காத்ததா என்பதே நமக்கு முக்கியம். 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலில் காணப்பட்டது. விரைவில் மரவள்ளி, மல்பெரி, பருத்தி முதலியவற்றிலும் பரவியது. மருந்தடித்துப் பயன் சொற்பம். மாவுக் கவசம் மருந்தை உள்ளே விடுவதில்லை. 2010-ல் பெங்களூரிலுள்ள வேளாண் பூச்சிகளுக்கான மத்திய நிலையம், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. நம் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி ஜில்லாக்கள்தோறும் விட்டது. குளவி, பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்வது. பூச்சி அடங்கியது.

2020-ல் மற்றொரு பகை வந்தது. தென் அமெரிக்காவில் தோன்றி, முன்னரே ஆப்பிரிக்காவில் பெருநாசம் விளைவித்த மரவள்ளி மாவுப்பூச்சி கேரளத்தில் கண்டறியப்பட்டது. பிறகு நம் ஜில்லாக்களையும் எட்டியது. ஆப்பிரிக்காவில் இதை அடக்கிய குளவி, 1981-ல் பராகுவே தேசத்தில் கண்டெடுக்கப்பட்டது. அதே இனம் 2021-ல் பெனின் தேசத்து நிலையத்திலிருந்து பெங்களூர் வந்து, 2022 மார்ச் மாதம் ஏத்தாப்பூரில் வயலில் விடப்பட்டது.

இரு சந்தர்ப்பங்களிலும் பூச்சி தோன்றியதற்கும் குளவி வயலுக்கு வந்ததற்கும் ஏறக்குறைய இரண்டு வருஷம் கடந்தது. இறக்குமதி அநுமதி, தனிக்காப்புச் சோதனை, நன்மை செய்யும் பூச்சிகளுக்குத் தீங்கில்லை என்று ஊர்ஜிதம் செய்வது இவற்றைத் துரிதப்படுத்த இயலாது. துரிதப்படுத்துவது தகாது என்றே எமது அபிப்பிராயம். பெங்களூர் நிலையமோ 1993-லிருந்து மும்முறை பெயர் மாறியிருக்கிறது. ஆயினும் குளவி வளர்க்கும் வேலை அறுபடவில்லை. பலகையில் எழுதிய பெயரைவிட அவ்வேலை தொடர்வதே பெரிது. காலத்தைக் குறைக்கக்கூடிய இடம் ஒன்றே: முதல் நோய் தோன்றிய கிராமத்துக்கும் முதல் விஞ்ஞானிக்கும் இடைப்பட்ட நாட்கள். அங்கே இலாகாவும், கிராம அதிகாரிகளும், நிலச் சொந்தக்காரர்களும் செய்யக்கூடியது அதிகம்.

வேளாண் அறிவியல் நிலையம் ஒவ்வொன்றிலும் விஞ்ஞான ஆலோசனைக் குழு ஒன்று உண்டு. குடியானவர்களும் அதில் அங்கத்தினர்களே. வரும் வருஷத்தில் எதை ஆராய்வது, எதை விளக்கிக் காட்டுவது என்பதை அங்கே வாய்விட்டுக் கேட்கலாம். அழைப்பு வந்தும் செல்லாதிருந்துவிட்டு, நிலையத்தார் கவனிப்பதில்லை என்று குறை கூறுவது பொருந்தாது.

புதிதாய்த் தோன்றும் பூச்சி எதுவாயினும், கண்ட தேதி, சர்வே நம்பர், நட்ட மாதம், விதைக்குச்சி வாங்கிய ஊர் ஆகியவற்றைக் கிராம அதிகாரி எழுதி வைத்தல் நலம். விதைக்குச்சியுடனேயே மாவுப்பூச்சி ஊர்விட்டு ஊர் செல்கிறது. தாக்குண்ட குருத்தைக் கொய்து, காகிதப் பையில் இட்டுக் கட்டி, வேறு வயல்களின் வழியே திறந்து கொண்டு செல்லாமல், அன்றே அருகிலுள்ள நிலையத்தில் சேர்ப்பிக்கவும். குளவி விடப்பட்ட வயலிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நிலையத்தாரைக் கேளாமல் பூச்சி மருந்து தெளிக்கலாகாது. பூச்சிக்கு முன் குளவியே மாண்டுபோகும்.