மெக்னீசியம்: சிறுநீரகத்தைக் கேட்டுவிட்டு விழுங்குங்கள்

கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் எகிறி, வலிப்பு வரும் அபாயம் இருந்தால் பிரசவ வார்டில் மெக்னீசியம் சல்ஃபேட் ஊசி போடுவார்கள். ஒவ்வொரு டோஸுக்கும் முன்பு நர்ஸ் மூன்று விஷயங்களைப் பார்ப்பார்: முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் துள்ளுகிறதா, மூச்சு சீராக இருக்கிறதா, சிறுநீர் போதுமான அளவு இறங்குகிறதா? கால் துள்ளாவிட்டால் ஊசி கிடையாது. ரத்தத்தில் மெக்னீசியம் மிஞ்சினால் தசைகள் தளரும். இன்னும் ஏறினால் மூச்சும் இதயமும் நின்றுபோகலாம். முறிமருந்தான கால்சியம் குளூக்கோனேட் பக்கத்திலேயே தயாராக இருக்கும்.

அதே மெக்னீசியம்தான் இன்று தூக்கத்துக்கு, கெண்டைக்கால் பிடிப்புக்கு, மலச்சிக்கலுக்கு என்று மருந்துச் சீட்டு இல்லாமலே மாத்திரையாக விற்பனையாகிறது. மாத்திரை சாப்பிட்டு அந்த அளவுக்கு விபரீதம் ஆவது அபூர்வம். மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். அது பழுதானவர்களுக்கும் வயதானவர்களுக்கும்தான் ஆபத்து. ஜப்பானில் மெக்னீசியம் ஆக்ஸைடு எடுத்துக்கொண்ட முதியவர்கள் சிலர் இறந்த பிறகு, 2015-ல் அந்நாட்டு அரசு மருந்தின் எச்சரிக்கைக் குறிப்பைக் கடுமையாக்கியது.

மற்றவர்களுக்கு வரும் தொல்லை பெரும்பாலும் வயிற்றோடு நிற்கும்: பேதி, குமட்டல், வயிற்றுப் பிசைவு. ஆக்ஸைடு குறைவாகவே உடலில் சேரும். குடலிலேயே தங்கி நீரை இழுப்பதால் வயிறு இளகும். மாத்திரை வழியாக நாளுக்கு 350 மில்லிகிராம் வரைதான் என்பது அமெரிக்காவில் பெரியவர்களுக்கு வகுத்த வரம்பு. அட்டையில் உள்ள எண்ணையும் கவனிக்க வேண்டும்: 400 மில்லிகிராம் ஆக்ஸைடில் உண்மையான மெக்னீசியம் சுமார் 240 மில்லிகிராம்தான்.

தைராய்டு மாத்திரைக்கும் மெக்னீசியத்துக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளோடு சேர்த்துப் போட்டால் அவை உடலில் சரியாகச் சேராது. முதியவர்களின் கால் பிடிப்புக்கு மெக்னீசியம் பெரிதாக உதவுவதில்லை என்றே ஆய்வுகளின் தொகுப்பும் சொல்கிறது.

உண்மையான பற்றாக்குறை யாருக்கு? நெடுநாள் பேதி, குடிப்பழக்கம், கட்டுப்படாத சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு. ஒமிப்ரசோல் போன்ற அசிடிட்டி மாத்திரைகளை வருடக்கணக்கில் விழுங்குகிறவர்களுக்கு. இவர்களுக்கு டாக்டரே எழுதித் தருவார். மற்றவர்களுக்குக் கேழ்வரகு, கீரை, பயறு, நிலக்கடலையே போதும். மாத்திரைதான் வேண்டும் என்றால், முதலில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் டெஸ்ட் ஒன்று எடுத்துவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.