மரத்தின் பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரியுமா?

தெலுக் பங்லிமா காராங், கேரி தீவு வட்டாரத்துத் தோட்டங்களில் நீங்கள் அதிகம் பார்ப்பது செம்பனை. அதன் அறிவியல் பெயர் எலாயிஸ் கினீன்சிஸ். மேற்கு ஆப்பிரிக்காவின் கினிப் பகுதியைக் குறிப்பது ‘கினீன்சிஸ்’. அது நம் மண்ணின் மரமல்ல என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

அப்படியானால் மலேசியாவின் சொந்த மரங்கள் எவை? அவற்றைப் பெயரோடு பார்க்கக் கெப்போங்கிற்குச் செல்லலாம். ஈயச் சுரங்கத்தால் பாழான நிலத்தில் 1929-இல் அங்கு வன ஆய்வு நிலையம் தொடங்கி, காட்டு மரங்களை நட்டார்கள். அந்த வனப் பூங்காவை 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்குள்ள காப்பூர் மரங்களின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஒரு மரத்தின் உச்சிக்கிளைகள் அடுத்த மரத்தைத் தொடாமல் இடைவெளி விட்டு நிற்கும்.

காப்பூரின் பழைய பெயர்ப்பலகை ஒன்று கிடைத்தால் எப்படிப் படிப்பது?

முதலில் உள்ளூர்ப் பெயர். மலாய்மொழியின் ‘காப்பூர்’ என்ற சொல்லும் நம் ‘கற்பூரம்’ என்ற சொல்லும் தொடர்புடையவை எனக் கருதப்படுகிறது. இம்மரத்தின் கற்பூரத்துக்குப் பெயர்பெற்ற துறைமுகம் சுமத்ராவின் பாருஸ். அங்கு 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ் வணிகர்களின் கல்வெட்டு கிடைத்துள்ளது.

அடுத்து அறிவியல் பெயர். பழைய பலகைகளிலும் நூல்களிலும் ‘ட்ரையோபலனாப்ஸ் அரோமாட்டிக்கா’ என்றிருக்கும். இன்றைய பெயர் ‘ட்ரையோபலனாப்ஸ் சுமத்ரென்சிஸ்’. மரம் மாறவில்லை. ஓர் இனத்திற்கு இரண்டு பெயர்கள் இருந்தால், முதலில் வைக்கப்பட்ட பெயருக்கே முன்னுரிமை என்பது தாவரவியல் விதி.

மூன்றாவது, குடும்பம்: டிப்டரோகார்ப்பேசியே. கிரேக்க மொழியில் ‘இரு சிறகுக் கனி’ என்று பொருள். ஆனால் காப்பூர்க் கனிக்கு ஐந்து சிறகுகள்! குடும்பத்தின் பெயர் எல்லா உறுப்பினருக்கும் பொருந்த வேண்டியதில்லை.

பலகை எப்படிப் பொருத்தப்பட்டுள்ளது என்றும் கவனியுங்கள். மரம் உயர்வது கிளை நுனிகளில்தான். அதனால் அடிமரத்தில் அடித்த ஆணி எத்தனை ஆண்டானாலும் அதே உயரத்தில் இருக்கும். ஆனால் பட்டைக்கு அடியிலுள்ள கேம்பியம் என்ற திசு ஆண்டுதோறும் புதிய மரத்தை உருவாக்க, தண்டு பருக்கும். இறுக்கி அடித்த பலகையை மரம் மெல்ல விழுங்கிவிடும்.

இத்தகைய பழைய பலகைகளைச் சேகரிக்க ஆசையா? கழற்றி எடுக்காதீர்கள். ‘இந்த மரம் இது’ என்று காட்டுவதுதான் பலகையின் வேலை. மரத்தைவிட்டுப் பிரிந்தால் அது வெறும் தகடு. மரத்துக்கும் பெயரில்லாமல் போகும். பலகையை ஓர் அளவுகோலுடன் படமெடுங்கள். முழு மரம், இலை, பட்டை ஆகியவற்றையும் எடுங்கள். இடம், நாள் எழுதுங்கள். பழைய பெயரைத் திருத்தாமல் உள்ளபடியே எழுதி, இன்றைய பெயரை அருகில் குறியுங்கள்.

மரம் ஒரு நாள் சாயலாம், பலகை துருப்பிடிக்கலாம். அங்கே எது நின்றது என்பதற்கு அப்போது உங்கள் குறிப்பேடு சான்றாகும். உங்கள் பள்ளி வளாகத்திலிருந்தே தொடங்குங்கள். பலகை இல்லாத மரம் இருந்தால், அதன் பெயரைக் கண்டுபிடித்து எழுதுவது உங்கள் முதல் வேலை.